போனுக்குச் சார்ஜ் ஏறுது, கொம்பியூட்டருக்கு இன்டர்நெட் வருகுதில்லை

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது பழைய டெஸ்க்டொப் கொம்பியூட்டர், விண்டோஸ் 10. அதில் வைஃபை பிடிக்காது. ஃபைபர் இணைப்பு எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் வரவில்லை. மகன் ஏ.எல். படிக்கிறான், சூம் வகுப்பை போனின் சின்னத் திரையில் பார்க்கக் கஷ்டப்படுகிறான். போனை வயரால் கொழுவினால் போன் டேட்டாவைக் கொம்பியூட்டரில் பாவிக்கலாம் என்றார்கள். கொழுவினால் சார்ஜ் மட்டும்தான் ஏறுகிறது. பிறகு தம்பி தன்னுடைய வயரைக் கொண்டுவந்து போட்டு வேலைசெய்ய வைத்தார். ஆனால் அன்று இரவே, மாதத்துக்கென்று போட்ட டேட்டா முழுக்க முடிந்துவிட்டது. இது ஏன்? போனில் பிழையா, சிம் கம்பனி வெட்டிவிட்டதா?
(வாசகி ஒருவர், சாவகச்சேரி)

பதில்: போனிலும் பிழையில்லை, கம்பனியும் வெட்டியிருக்காது. முதல் பிரச்சினை உங்கள் வயர். இரண்டாவது பிரச்சினை விண்டோஸ். இரண்டுக்கும் செலவு அதிகமில்லை.

முதலில் வயர். யூஎஸ்பி கேபிளுக்குள் வழக்கமாக நாலு கம்பி ஓடும். இரண்டு கரண்டுக்கு, இரண்டு தரவுக்கு. மலிவு கேபிள்கள் பலவற்றில் தரவுக் கம்பி இரண்டையும் போடாமலே விட்டுவிடுகிறார்கள். பவர் பாங்க், ரீசார்ஜ் லைட், மேசை ஃபான் போன்றவற்றோடு வரும் கட்டை வயர்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான். வெளியே பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. கொழுவினால் சார்ஜ் ஏறும், கொம்பியூட்டருக்கோ அங்கே ஒரு போன் இருப்பதே தெரியாது. தம்பியின் வயரில் வேலைசெய்தது அதனால்தான்.

போனோடு பெட்டிக்குள் வந்த வயர் இருந்தால் அதைத் தேடி எடுங்கள். இல்லையென்றால் ரவுணில் வாங்கும்போது 'டேட்டா கேபிள்' என்று கேட்டு, காசு கொடுக்க முன்னர் கடைக் கொம்பியூட்டரிலேயே கொழுவிப் பாருங்கள். போன் திரையில் 'ஃபைல் ட்ரான்ஸ்ஃபர்' என்ற தெரிவு வந்தால் அது டேட்டா கேபிள். சார்ஜ் ஏறும் அடையாளம் மட்டும் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வேகத்துக்காக விலை கூடிய கேபிள் தேவையில்லை. பழைய யூஎஸ்பி 2.0 கூட வினாடிக்கு 480 மெகாபிட் தாங்கும், உங்கள் சிம்முக்கு அந்த வேகம் கிடைக்கப் போவதில்லை. நீளத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 1 முதல் 2 மீற்றர் நல்லது. 5 மீற்றருக்கு மேல் யூஎஸ்பி 2.0 கேபிள் போகக்கூடாது.

வயர் சரியாக இருந்தும் பிடிக்காவிட்டால் கொழுவும் துளைகளைப் பாருங்கள். கொம்பியூட்டர் பெட்டியின் முன்பக்கத் துளைகள் உள்ளே ஒரு நீள வயரால் இணைக்கப்பட்டவை. பழசானால் ஆடும், விட்டுவிட்டுப் பிடிக்கும். பின்பக்கம் கீபோட், மவுஸ் கொழுவும் இடத்தில் கொழுவுங்கள். போனின் துளைக்குள் சட்டைப்பை நூலும் புழுதியும் அடைந்திருந்தால் வயர் முழுதாக உள்ளே போகாது. போனை ஓஃப் செய்துவிட்டு ஈர்க்குத் துண்டால் மெதுவாகக் கிண்டி எடுங்கள். ஊசி வேண்டாம்.

இனி இணைப்பு. அன்ட்ரொயிட் போனைக் கொழுவி, பூட்டைத் திறந்து, செட்டிங்ஸுக்குள் 'நெட்வேர்க்' அல்லது 'கனெக்ஷன்ஸ்' பகுதிக்குப் போங்கள். அதற்குள் 'ஹொட்ஸ்பொட் அன்ட் டெதரிங்' இருக்கும். டெதரிங் என்றால் போனின் இன்டர்நெட்டை வேறொரு கருவிக்குக் கொடுப்பது. போனுக்குப் போன் பெயர் கொஞ்சம் மாறும், தேடும் பெட்டியில் 'டெதரிங்' என்று அடித்தாலும் வரும். அங்கே 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை ஓன் செய்யுங்கள். வயர் கொழுவாமல் இருந்தால் அந்த வரி மங்கலாகவே நிற்கும், தொட்டாலும் அசையாது. வயர் கொழுவியும் மங்கலாக இருந்தால் போனில் 'டேட்டா சேவர்' ஓனில் இருக்கிறதா என்று பாருங்கள். அது ஓனில் இருக்கும்வரை டெதரிங் திறக்காது. டேட்டாவை மிச்சம் பிடிக்க அதைப் போட்டுவிட்டு மறந்துபோவது எல்லா வீட்டிலும் நடக்கிற விஷயம்.

ஓன் செய்ததும் விண்டோஸ் 10 தானாகவே ட்ரைவரை, அதாவது போனோடு பேசத் தேவையான சின்ன மென்பொருளை, போட்டுக்கொள்ளும். திரையின் வலது கீழ் மூலையில் வைஃபை அடையாளத்துக்குப் பதிலாகச் சின்னக் கொம்பியூட்டர் படம் ஒன்று வரும். 'இது என்ன, போனைக் காணவில்லையே' என்று யோசிக்க வேண்டாம், சரியாகத்தான் வேலைசெய்கிறது. கொம்பியூட்டர் போனை ஒரு லான் கார்ட்டாகவே, அதாவது வயரில் இன்டர்நெட் எடுக்கும் பாகமாகவே, எடுத்துக்கொள்கிறது. வைஃபை இல்லாத உங்கள் பெட்டிக்கும் இந்த வழி சரிவருவது அதனால்தான்.

டேட்டா ஒரே இரவில் காலியானதற்கும் இதே விஷயம்தான் காரணம்.

வயரில் வரும் இன்டர்நெட் என்றால் அது அளவில்லாத வீட்டு இணைப்பு என்று விண்டோஸ் நினைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் இன்டர்நெட் காணாமல் கிடந்த கொம்பியூட்டருக்கு அன்று கதவு திறந்தது. நிலுவையில் இருந்த அப்டேட் எல்லாம் பின்னால் இறங்கத் தொடங்கியிருக்கும். பெரிய அப்டேட் ஒன்றே சில ஜிகாபைட் வரும். திரையில் எந்த அறிகுறியும் தெரியாது. மகன் வகுப்பை முடித்து எழும்பிப் போயிருப்பான், கொம்பியூட்டர் ஓனில் இருந்திருக்கும், போனும் கொழுவினபடியே.

எது குடித்தது என்று இப்போதும் பார்க்கலாம். விண்டோஸ் செட்டிங்ஸ், 'நெட்வேர்க் அன்ட் இன்டர்நெட்', 'டேட்டா யூசேஜ்' என்று போனால் கடந்த 30 நாளில் எந்த மென்பொருள் எவ்வளவு எடுத்தது என்று பட்டியல் இருக்கும். போனில் தேடினால் கிடைக்காது. அங்கே 'டெதரிங்' என்று ஒரே வரியில் மொத்தக் கணக்கு மட்டும்தான் காட்டும்.

அடுத்த முறை இந்த ஒழுங்கில் செய்யுங்கள். முதலில் போனில் மொபைல் டேட்டாவை ஓஃப் செய்யுங்கள். பிறகு வயரைக் கொழுவி டெதரிங்கை ஓன் செய்யுங்கள். கொம்பியூட்டர் இணைப்பு இருக்கு, இன்டர்நெட் இல்லை என்று சொல்லும், சொல்லட்டும். செட்டிங்ஸ், 'நெட்வேர்க் அன்ட் இன்டர்நெட்', 'ஈதர்நெட்' என்று போய் அந்த இணைப்பின் பெயரை அழுத்துங்கள். கீழே 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். இது அளவோடு பாவிக்க வேண்டிய இணைப்பு என்று விண்டோஸுக்குச் சொல்வது அதுதான். அதை ஓன் செய்த பிறகுதான் போனில் மொபைல் டேட்டாவைத் திறக்க வேண்டும். இப்படிச் செய்தால் கொம்பியூட்டருக்கு முந்திக்கொண்டு இழுக்க இடம் கிடைக்காது.

இந்தச் சுவிட்சை ஒருக்கால் போட்டால் எந்நாளும் நிற்கும் என்று நம்ப வேண்டாம். சில போன்கள் ஒவ்வொரு முறை டெதரிங் போடும்போதும் தங்களைப் புது லான் கார்ட்போல் காட்டிக்கொள்ளும். விண்டோஸும் 'நெட்வேர்க் 2', 'நெட்வேர்க் 3' என்று புதிதாகப் பெயர் வைக்கும், பழைய செட்டிங் அதற்கு ஒட்டாது. பெயர் மாறியிருந்தால் சுவிட்சைத் திரும்பப் பாருங்கள். இன்னொன்று, இந்தச் சுவிட்ச் விண்டோஸ் அப்டேட்டையும் மைக்ரோசொஃப்ட்டின் சொந்தச் சாமான்களையும்தான் பெரும்பாலும் அடக்கும். வைரஸ் காட், கேம் லோஞ்சர் போன்ற வெளி மென்பொருள்கள் அதை மதிக்க வேண்டும் என்றில்லை. ஆகவே போனிலும் ஒரு எல்லை போடுங்கள். 'டேட்டா யூசேஜ்' பகுதியில் 'டேட்டா லிமிட்' இருக்கிறது, குறித்த அளவு வந்ததும் மொபைல் டேட்டாவைப் போனே நிறுத்திவிடும்.

வகுப்புக்கு எவ்வளவு போகும் என்பதை நீங்களே கணக்குப் பார்க்கலாம். வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் வீடியோ ஒரு மணித்தியாலத்துக்கு 450 மெகாபைட் எடுக்கும். அதை 600 கிலோபிட்டுக்குக் குறைத்தால் 270 மெகாபைட். சூம் செட்டிங்ஸில் 'எச்டி வீடியோ'வை ஓஃப் செய்து, மகன் தன்னுடைய கமெராவையும் மூடி வைத்தால் நல்ல மிச்சம். ஆசிரியர் சிலைட் மட்டும் காட்டிப் படிப்பிக்கும் வகுப்புக்கு இதைவிடவும் குறைவாகத்தான் போகும். யூடியூப்தான் கள்ளன். பெரிய திரையைக் கண்டால் தானாகவே தரத்தைக் கூட்டிக்கொள்ளும், 480க்கு இறக்கிவிடுங்கள். கரும்பலகை எழுத்து வாசிக்க அது போதும்.

பக்கேஜையும் ஒருமுறை வாசியுங்கள். சூமுக்கு என்றோ வட்ஸ்அப்புக்கு என்றோ குறித்துத் தரும் டேட்டா அந்த வேலைக்கு மட்டும்தான். கொம்பியூட்டர் பின்னால் செய்யும் மற்ற வேலையெல்லாம் பொது டேட்டாவில் கழியும், அது முடிந்தால் ரீலோட் காசில் கழியும். இரவு டேட்டா என்று பெரிய எண்ணாகப் போட்டிருப்பதைப் பகல் வகுப்புக்குக் கணக்கெடுக்க வேண்டாம். அளவில்லாதது என்று விற்கும் பக்கேஜ் என்றால், டெதரிங்கில் பாவிக்க விடுவார்களா என்று வாங்க முன்னரே கேளுங்கள்.

சிக்னல் குறைந்த வீட்டில் ஹொட்ஸ்பொட்டைவிட வயருக்கு ஒரு வசதி உண்டு. தட்டு வீடு என்றால் கொங்கிறீற் சிக்னலை நன்றாகவே மறிக்கும். 2 மீற்றர் வயர் இருந்தால் போனை ஜன்னல் விளிம்பில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். வெயில் நேரே படாத ஜன்னலாக இருக்கட்டும். டேட்டாவும் ஓடி, சார்ஜும் ஏறி, சித்திரை வெயிலும் சேர்ந்தால் போன் சூடாகி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சார்ஜ் ஏறுவதையும் நிறுத்தும். கவரைக் கழற்றிவிடுங்கள். கொழுவியிருந்தும் பற்றரி மெல்ல இறங்கினால் பயப்பட வேண்டாம். யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஅம்பியர்தான் தரும், நீல நிற 3.0 துளை 900 தரும். போன் சார்ஜர் தருவது இதைவிடப் பலமடங்கு.

கரண்ட் போய் வந்தால் கொம்பியூட்டரோடு டெதரிங்கும் ஓஃப் ஆகிவிடும், திரும்பப் போட வேண்டும். மகனுக்கு அது அலுப்பு என்றால் ஒரு வழி இருக்கிறது. 'அபவுட் போன்' பகுதியில் 'பில்ட் நம்பர்' என்ற வரியை 7 தடவை தட்டினால் 'டெவலப்பர் ஒப்ஷன்ஸ்' திறக்கும். அதற்குள் 'டிஃபோல்ட் யூஎஸ்பி' என்று தொடங்கும் வரியில் 'யூஎஸ்பி டெதரிங்'கைத் தெரிவு செய்து விடுங்கள். பிறகு கொழுவிப் பூட்டைத் திறந்தாலே போதும். அந்தப் பக்கத்தில் வேறு எதையும் தொடவேண்டாம்.

எல்லாம் சரி, இணைப்பும் இருக்கிறது, ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று பிரவுசர் கத்துகிறதா? திகதியைப் பாருங்கள். பழைய கொம்பியூட்டரின் மதர்போட்டில் காசு அளவில் ஒரு பற்றரி இருக்கும், பெரும்பாலும் சிஆர் 2032. அது செத்துப்போனால் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும் திகதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். திகதி பிழைத்தால் இணையப் பக்கங்களின் சான்றிதழ் செல்லாது என்றே பிரவுசருக்குப் படும். ஆட்கள் போனையும் சிம்மையும் மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பற்றரியை மாற்றினால் தீர்ந்தது.

ஐபோன் என்றால் விண்டோஸில் ஐடியூன்ஸ் அல்லது 'ஆப்பிள் டிவைசஸ்' முதலில் போட்டிருக்க வேண்டும், ட்ரைவர் அதோடுதான் வரும். பிறகு 'பர்சனல் ஹொட்ஸ்பொட்'டை ஓன் செய்து, கொழுவியதும் திரையில் கேட்கும் 'ட்ரஸ்ட்' கேள்விக்குச் சம்மதம் சொல்லுங்கள். வயர் விஷயம் அதற்கும் இதேதான்.

இன்னொரு விஷயம் உங்களுக்கு உதவலாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் ரவுட்டர் இருந்து, அவர் சம்மதித்துக் கடவுச்சொல் தந்தால், போனை அந்த வைஃபையில் இணைத்துவிட்டு யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். போன் அந்த வைஃபையை வாங்கி வயர் வழியாகக் கொம்பியூட்டருக்குக் கொடுக்கும், உங்கள் சிம் டேட்டா ஒரு துளியும் கழியாது. ஆனால் அந்த நேரத்தில் மொபைல் டேட்டாவை ஓஃப் செய்தே வையுங்கள். இல்லாவிட்டால் அவர்களின் வைஃபை விழுந்த அடுத்த நிமிடமே போன் சத்தமில்லாமல் உங்கள் சிம்முக்கு மாறிவிடும்.