மறுமை இல்லாத அறம்

மதிப்பிற்குரிய ஐயா,

கடவுள் நம்பிக்கை என்னைவிட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. அதில் வருத்தமில்லை. ஆனால் ஒரு கேள்வி தூங்கவிடுவதில்லை. 1380 கோடி ஆண்டு வயதுள்ள பிரபஞ்சத்துக்கு நாம் வாழ்ந்தாலும் செத்தாலும் ஒன்றுதான். இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் சூரியனும் அடங்கிவிடும். சொர்க்கமும் நரகமும் இல்லை. அப்புறம் எதற்காக நல்லவனாக இருக்க வேண்டும்? அநியாயமாகச் செத்துப்போனவர்களின் கணக்கை யார் தீர்ப்பார்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதல் கேள்வி பழையது. ‘இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம்’ என்று கணக்குப் பார்க்கும் ‘அறவிலை வணிகன்’, அதாவது அறத்தை விலைபேசும் வியாபாரி, வள்ளல் ஆய் அண்டிரன் இல்லை என்று சங்கப் புலவர் முடமோசியார் பாடுகிறார் (புறநானூறு 134). ‘மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று’ என்பது வள்ளுவர் வாக்கு. இவர்கள் மறுமையை மறுத்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அதை எடுத்துவிட்டாலும் அறம் விழாது என்று கண்டிருக்கிறார்கள்.

பிரபஞ்சத்துக்கு அக்கறை இல்லை என்பது உண்மைதான். பெரியம்மைக் கிருமி இருபதாம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடிப் பேரைக் கொன்றது என்பது பொதுவான மதிப்பீடு. நல்லவர், கெட்டவர், கைக்குழந்தை என்று அது பார்க்கவில்லை. அதை ஒழித்தவர்கள் வீடு வீடாக ஏறி இறங்கிய மனிதர்கள். இயற்கையாக அந்த நோய் தொற்றிய கடைசி மனிதர் சோமாலியாவின் மெர்க்கா நகர மருத்துவமனையில் சமையல்காரராக இருந்த அலி மாவ் மாலின். 1977இல், அம்மை கண்ட இரண்டு குழந்தைகள் இருந்த வண்டியில் வழிகாட்டுவதற்காகக் கொஞ்ச தூரம் ஏறிப் போனார். தொற்றிக்கொண்டது. பிழைத்தார். பின்னாளில் போலியோ ஒழிப்புப் பணியில் சேர்ந்து, தயங்கிய பெற்றோர்களிடம் தன் கதையைச் சொல்லிச் சொட்டு மருந்து கொடுக்க வைத்தார். அந்தப் பணியில் இருந்தபோதே 2013இல் மலேரியா கண்டு இறந்தார்.

சூரியன் அடங்கும் காலத்தில் இதை நினைக்க ஆள் இருக்காது. சரி. அதனால் அவர் பேச்சைக் கேட்ட வீட்டில் ஒரு குழந்தை கால் ஊன்றி நடந்தது இல்லையென்று ஆகிவிடுமா? வலி என்பது வலிக்கிறவருக்கு இப்போது, முழுசாக வலிக்கிறது. 500 கோடி ஆண்டுக்கு அப்பால் நின்று பார்த்தால் எல்லாமே அற்பம்தான்; ஆனால் அங்கே நின்று பார்க்க யாருமில்லையே. பார்க்கிறவர்கள், வலிக்கிறவர்கள் எல்லாரும் இங்கே இருக்கிறோம். அர்த்தம் என்ற ஒன்று வேண்டியிருப்பதும் நமக்குத்தான்.

உங்கள் கடைசிக் கேள்விதான் கனமானது. அதற்கு என்னிடம் ஆறுதல் இல்லை. செத்தவர்களின் கணக்கை யாரும் தீர்க்கப்போவதில்லை. மறுமையை நம்புகிறவருக்குத் தாமதமான நீதியும் ஒருநாள் போய்ச் சேரும். நமக்கு அந்த வசதி கிடையாது. பாதிக்கப்பட்டவர் உயிரோடு இருக்கும் காலம்தான் அவருக்கான நீதியின் காலம். அதனால்தான் ஒரு வழக்கை இழுத்தடிப்பதும், கேட்க வேண்டிய மன்னிப்பைத் தள்ளிப்போடுவதும் எனக்குச் சின்ன விஷயங்களாகப் படவில்லை. ‘மேலே இருக்கிறவன் பார்த்துக்கொள்வான்’ என்று நீங்களும் நானும் விட்டுவிட முடியாது.

பொதுவாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் அந்த வரியில் உங்களுக்கு வேண்டிய ஒருவர் இருக்கிறார் என்று தோன்றுகிறது. அப்படி இருந்தால், அவருக்கு என்ன நடந்தது என்பதை மறக்குமுன் எழுதிவையுங்கள். அவர் வீட்டில் மிஞ்சியவர்கள் யாராவது இருந்தால், இந்த வாரமே போய்ப் பாருங்கள்.