திறக்காத இன்டிசைன், கோரல், பேஜ்மேக்கர் கோப்புகள்: கேள்வி பதில்

இன்டிசைனும் பேஜ்மேக்கரும் புத்தகப் பக்கம் அமைக்கும் மென்பொருள்கள், கோரல் படம் வரைந்து வடிவமைக்கும் மென்பொருள். இவற்றின் கோப்புகள் கெட்டுப்போவது பற்றி வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் சொல்கிறேன். எல்லோருக்கும் ஒரே வேண்டுகோள்: கெட்ட கோப்பை முதலில் பிரதி எடுங்கள், பிரதியில் மட்டும் கை வையுங்கள்.

கேள்வி: சார், 212 பக்கப் புத்தகம். இன்டிசைனில் திறக்கிறது, ஆனால் 90ஆம் பக்கத்தைத் தொட்டாலே மூடிக்கொள்கிறது.

திறக்கிறது என்றால் பாதி பிழைத்த மாதிரிதான். பிரதி எடுத்தாயிற்றா? சரி, படங்கள் இருக்கும் ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். இப்போது 90ஆம் பக்கம் ஒழுங்காக வந்தால், கெட்டது உங்கள் புத்தகம் இல்லை, அந்தப் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு படம். அதை போட்டோஷாப்பில் திறந்து புதிதாகச் சேமித்தால் போதும்.

அப்படியும் மூடிக்கொண்டால், அந்தப் பக்கம் போகாமலேயே ஐடிஎம்எல் ஆக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இன்டிசைனின் சிஎஸ்4 பதிப்பு முதல் இந்த வசதி இருக்கிறது. அது ஒரு ஜிப் பொட்டலம், உள்ளே பத்திகள், ஸ்டைல்கள், பக்கங்கள் எல்லாம் தனித்தனி எக்ஸ்எம்எல் கோப்புகளாக இருக்கும். திரும்பத் திறக்கும்போது இன்டிசைன் ஆவணத்தை அடியிலிருந்து கட்டுவதால் பழைய அழுக்கு பெரும்பாலும் கூட வராது. ஆனால் வரி உடைவது எங்காவது மாறியிருக்கலாம், பழைய பிடிஎஃப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

அதுவும் நடக்கவில்லையா, பக்கங்களைப் பாதிப் பாதியாகப் புது ஆவணத்துக்கு நகர்த்துங்கள். எந்தப் பாதி முரண்டு பிடிக்கிறதோ அதை மறுபடி பாதியாக்குங்கள். 212 பக்கம் என்றாலும் எட்டுச் சுற்றுக்குள் குற்றவாளிப் பக்கம் தனியாக மாட்டிவிடும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் புதிதாக அமைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கோப்பின் அளவு 0 கேபி காட்டுகிறது. எந்த மென்பொருள் வாங்கலாம்?

எதையும் வாங்காதீர்கள். அந்தக் கோப்புக்குள் மீட்க ஒன்றுமே இல்லை. யாருக்காவது மின்னஞ்சலில் அனுப்பிய பிரதி இருக்கிறதா என்று தேடுங்கள்.

கேள்வி: பென் டிரைவில் வைத்து வேலை செய்தேன். 48 எம்பி இருக்கிறது, ஆனால் இன்டிசைன் திறக்க மறுக்கிறது.

கோப்பின் பைட்களை அப்படியே காட்டும் ஹெக்ஸ் வியூவர் மென்பொருளில் பாருங்கள். நல்ல இன்டிசைன் கோப்பில் முதல் 16 பைட் தாண்டியதும் ‘டாக்குமென்ட்’ என்ற ஆங்கிலச் சொல் பெரிய எழுத்தில் தெரியும். கடைசி வரை 00 மட்டும் ஓடினால் அளவு மட்டும்தான் மிச்சம். சொல் தெரிந்தால், புது ஆவணம் திறந்து, ஃபைல் மெனுவில் பிளேஸ் கொடுத்து, இந்தக் கோப்பையே படம் போல உள்ளே வைத்துப் பாருங்கள். சில சமயம் பக்கங்கள் வந்துவிடும், பிடிஎஃப்பாவது எடுக்கலாம்.

இனிமேல் பென் டிரைவ் எடுத்துப்போக மட்டும். ஹார்ட் டிஸ்கில் வேலை செய்து முடித்து, அப்புறம் நகலெடுத்து, எஜெக்ட் கொடுத்துக் கழற்றுங்கள்.

கேள்வி: தமிழெல்லாம் ஆங்கில எழுத்தாக மாறிவிட்டது. கோப்பு கெட்டுவிட்டதா?

இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள், உங்கள் கணினியில் அது இல்லை. எழுத்துருவை நிறுவுங்கள்.

கேள்வி: எனக்கும் அதே மாதிரி, கோரலில்.

மேலே சொன்னதுதான்.

கேள்வி: கோரல் கோப்பே திறக்கவில்லை, அண்ணா.

அதே ஃபோல்டரில் ‘பேக்கப் ஆஃப்’ என்று ஆங்கிலத்தில் தொடங்கும் கோப்பு இருக்கும், அதைத் திறங்கள்.

கேள்வி: என் ஃபோல்டர் கிளவுடோடு தானாக சிங்க் ஆகிறது. தனியாக பேக்கப் எதற்கு?

சிங்க் வேறு, பேக்கப் வேறு. இங்கே கெட்ட கோப்பு நிமிடத்தில் அங்கேயும் கெட்டதாகவே போய்ச் சேரும்.

அவரே மறுபடி: பழைய வெர்ஷன்களையும் வைத்திருக்கிறதே?

வைத்திருக்கிறது, நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பல கணக்குகளில் 30 நாள் வரைதான். மறுபதிப்புக்காக ஒரு வருடம் கழித்துத் திறக்கும்போதுதானே கெட்டது தெரிகிறது?

இன்னொருவர்: நானும் சிங்க் மட்டும்தான், நான்கு வருடமாக ஒன்றும் ஆகவில்லை.

நான்கு வருடத்துக்கு முந்தைய கோப்பு ஒன்றை இன்றைக்கே திறந்து பாருங்கள். பிறகு பேசலாம். நான் தினமும் மாலையில் ‘சேவ் ஆஸ்’ கொடுத்து, பெயரில் தேதி சேர்த்துப் புதுக் கோப்பாக வைக்கிறேன். வெறும் ‘சேவ்’ பழையதன்மேல் சேர்த்துக்கொண்டே போகும், ‘சேவ் ஆஸ்’ முழுக்கப் புதிதாக எழுதும். வேலை முடிந்ததும் ஐடிஎம்எல், பிடிஎஃப் இரண்டையும் வெளி டிஸ்கில் போட்டு, டிஸ்கைக் கழற்றி வைத்துவிடுவேன்.

கேள்வி: பேஜ்மேக்கர் 7 கோப்புகள் நிறைய இருக்கின்றன. புது இன்டிசைன் திறக்குமா?

திறக்காது. பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும் இன்டிசைன் பதிப்புகளில் சிஎஸ்6 தான் கடைசி. அது ஓடும் கணினி கிடைத்தால், எல்லாவற்றையும் திறந்து இந்த வாரமே ஐடிஎம்எல் ஆக்கிவிடுங்கள்.