பாயிண்ட் ஷூவுக்கு அவசரப்படாதீர்கள்

தங்கச்சி! வாடகை வீடு, விசா நீட்டிப்பு, கறிவேப்பிலை பற்றியெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நிறையப் பேர் பதில் சொல்வார்கள். கறிவேப்பிலையை மட்டும் ஊரிலேயே காயவைத்து எடுத்து வந்துவிடுங்கள். "பெண்ணுக்கு எட்டு வயது, இரண்டு வருடம் பரதம் கற்றிருக்கிறாள், பீட்டர்ஸ்பர்கில் பாலே சேர்க்கலாமா?" என்ற கேள்விதான் என்னைப் பழைய நாட்களுக்கு இழுத்துப் போய்விட்டது. என் மகளுக்கும் அப்போது எட்டு வயது.

மெட்ரோ பக்கத்தில் ஒரு ஸ்டூடியோ, பெயர் வேண்டாம். மூன்றே மாதத்தில் முனை கெட்டியான பாயிண்ட் ஷூ மாட்டி, விரல் நுனியில் நிற்க வைத்துவிட்டார்கள். படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். மாமியார் தெருவெல்லாம் காட்டினார். தை மாதம் பெருவிரல் நகம் கறுத்துக் கழன்று வந்தது.

இங்குள்ள வகானோவா அகாடமி 1738இல் தொடங்கிய பாலே பள்ளி. தேர்வில் இடுப்பிலிருந்து கால் எவ்வளவு வெளியே திரும்புகிறது, பாதம் எப்படி வளைகிறது என்று உடம்பைச் சோதித்து, பத்து வயதுவாக்கில் சேர்க்கிறார்கள். அங்கேயே முதலில் மாதக்கணக்கில் மெதுவான அடிப்படைப் பயிற்சிதான். சுவரோரக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விரல் நுனி தரையை விடாமல் காலைப் பக்கவாட்டில் நீட்டி இழுக்க வேண்டும். பாட்மான் டாண்டியு என்பார்கள். கம்பிக்கு இங்கே ஸ்தனோக் என்று பெயர். லேத் மெஷினுக்கும் அதே சொல்தான், பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். அப்புறம்தான் விரல் நுனி. அப்படியிருக்க, வாரம் இரண்டு நாள் போகும் எட்டு வயதுக் குழந்தைக்கு என்ன அவசரம்?

பரதம் வீண் போகாது. முழங்காலை வெளிப்பக்கம் மடக்கி அரைமண்டி பழகிய கால் வெளியே திரும்பத் தயங்காது. ஆனால் தட்டிப் பழகிய பாதம் சத்தமில்லாமல் இறங்கக் கற்க வேண்டும். என் மகள் குதித்து இறங்கும்போதெல்லாம் பியானோக்காரம்மா வாசிப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

இன்னொன்று, ரஷ்யன் கற்றுக்கொள்ளுங்கள். இங்கே பத்து வருடம் இருந்தும் ரொட்டி வாங்க மட்டும் பேசும் நம்மவர்கள் இருக்கிறார்கள். ஆசிரியை திட்டினாரா பாராட்டினாரா என்று எட்டு வயதுப் பிள்ளைதான் அவர்களுக்கு மொழிபெயர்க்க வேண்டும். நான் கோட்டு வைக்கும் இடத்தில் திட்டு வாங்கியே கற்றேன். கோட்டில் மாட்டும் வளையம் அறுந்திருந்தால், அங்கே கோட்டு வாங்கி வைக்கும் பாட்டிகள் வாங்கமாட்டார்கள்; இப்போது பனிக்காலத்துக்கு முன்பே தைத்துவிடுகிறேன். ஆசிரியையை மேடம் என்று கூப்பிடாதீர்கள். பெயரோடு தகப்பன் பெயரும் சேர வேண்டும்.

பிறகு கிடைத்த ஆசிரியை நல்லவர், கறார். முதல் நாள் ஊர் வழக்கப்படி தேங்காய் எண்ணெய் தடவிப் பின்னல் போட்டு அனுப்பிவிட்டேன். கொண்டை போடப் போனால் ஊசியெல்லாம் வழுக்குகிறது. அவரே ஈரத்துண்டால் துடைத்துத் துடைத்து, முப்பது ஊசி குத்தி, வலையும் மாட்டிவிட்டார். இப்போது என் மகளும் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறாள், கைப்பையில் எப்போதும் ஒரு டப்பா ஊசி. கொண்டை போட்ட மறுநாள் அந்த ஆசிரியை என்னிடம் கையை நீட்டினார். முப்பதையும் எண்ணித்தான் வாங்கினார்.