அரிசி விலையைக் குறைக்க அரசு செய்ததெல்லாம் எங்கே போனது? – கேள்வி பதில்

ஏற்றுமதித் தடை, மத்திய அரசு மலிவு விலைக்கு விற்ற பாரத் அரிசி, ரேஷன், ஜிஎஸ்டி என்று நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. மண்டியிலும் அரவை ஆலையிலும் கணக்குப் பார்த்தே என் வேலைக்காலம் போனது. அந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். சமையல், சத்து, சாகுபடி நுட்பம் என் துறை இல்லை. ஒரு வேண்டுகோள்: விலை பற்றிக் கேட்கும்போது பச்சரிசியா புழுங்கலா, என்ன ரகம், புதுசா பழசா என்று சேர்த்துச் சொல்லுங்கள். பொதுவாக "அரிசி விலை" என்று ஒன்று மண்டியில் கிடையாது.

மீனா, தாம்பரம்: 2023இல் ஏற்றுமதியைத் தடை செய்தபோது விலை இறங்கும் என்றார்கள். நாங்கள் வாங்கும் பொன்னி புழுங்கல் இறங்கவே இல்லையே அண்ணா, ஏன்?

நல்ல கேள்வி அம்மா. ரகத்தையும் சொல்லிக் கேட்டதற்கு நன்றி.

2023 ஜூலை 20 அன்று தடை செய்தது பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியை. அதாவது பச்சரிசி. நீங்கள் சாப்பிடுவது புழுங்கல். அதற்குத் தடை வரவில்லை. ஆகஸ்ட் 25 அன்று 20 விழுக்காடு ஏற்றுமதி வரி மட்டும் போட்டார்கள். ஆக, முதல் அடியே உங்கள் மூட்டையின் மேல் விழவில்லை.

அடுத்தது ரகம். சென்னையில் பொன்னி என்று விற்பதில் பெரும்பங்கு பிபிடி 5204, ஆந்திராவின் பாபட்லாவில் உருவான சன்ன ரகம். ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகாவிலிருந்து நெல்லாகவும் அரிசியாகவும் வருகிறது. 2023இல் எல் நினோ, அதாவது பசிபிக் கடல் சூடேறி நம் பருவமழை கெடுகிற வருஷம். நாட்டிலேயே 1901க்குப் பிறகு அவ்வளவு வறண்ட ஆகஸ்ட் மாதம் இருந்ததில்லை. கர்நாடகாவில் வறட்சி. இங்கே ஜூன் 12 திறந்த மேட்டூர் அணையை அக்டோபர் 10 மூட வேண்டியதாயிற்று. சன்ன ரகம் விளைகிற வயலிலேயே தண்ணீர் இல்லாதபோது துறைமுகத்தை மூடி என்ன பயன்?

மூன்றாவதை யாரும் பேசுவதில்லை. நம் வீடுகளில் பழைய அரிசிதான் வேண்டும். புது அரிசி குழையும் என்று கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவோம். அதனால் நெல்லாகவோ அரிசியாகவோ ஆறு மாதம், ஒரு வருஷம் கிடங்கில் கிடந்துதான் உங்களிடம் வருகிறது. ஜூலையில் அரசு உத்தரவு போட்டாலும், கடையில் இருப்பது ஜனவரியில் ஒரு விலை கொடுத்து வாங்கிய சரக்கு. வட்டியும் கிடங்கு வாடகையும் அதன் தலையில் ஏறியிருக்கும். அதை நஷ்டத்துக்கு விற்க எந்த வியாபாரியும் முன்வர மாட்டார்.

கார்த்தி, ஓசூர்: பாரத் அரிசி கிலோ 29 ரூபாய்க்கு விற்றார்களே, அப்படியானால் மற்றவர்கள் 60 ரூபாய்க்கு விற்பது கொள்ளைதானே?

இல்லை தம்பி. கணக்கைப் பாருங்கள். அந்தப் பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,183 ரூபாய். நூறு கிலோ நெல்லை அரைத்தால் 67 கிலோ பச்சரிசி என்பது அரசின் அளவு. வகுத்தால் கிலோவுக்கு 32 ரூபாய் 58 காசு. இது நெல்லின் விலை மட்டும். சாக்கு, லாரி, அரவைக் கூலி, கிடங்கு எதுவும் சேரவில்லை. தவிடும் குருணையும் விற்றுக் கொஞ்சம் திரும்பும், அவ்வளவுதான். அந்த அரிசியைத்தான் 2024 பிப்ரவரி 6 முதல் 29 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். மிச்சத்தை ஏற்றது அரசுக் கருவூலம். அது தவறில்லை, ஏழைக்குச் சோறு போடக் கருவூலம் செலவழிக்கத்தான் வேண்டும். ஆனால் 29ஐ வியாபார விலையோடு ஒப்பிடக் கூடாது.

அளவையும் பாருங்கள். முதல் கட்டமாக ஒதுக்கியது 5 லட்சம் டன். நாடு ஒரு வருஷத்தில் சாப்பிடுவது 10 கோடி டன்னுக்கு மேல். பொதுச் சந்தையின் விலையை இழுத்துக் கீழே கொண்டுவர அது போதாது. ரகமும் இந்திய உணவுக் கழகக் கிடங்கின் சாதாரண ரகம். சன்ன அரிசி சாப்பிடுகிறவர் அதற்கு மாற மாட்டார். தமிழ்நாட்டில் அட்டைக்கு அரிசியே இலவசம் என்பதால் இங்கே அது எடுபடவும் வழியில்லை. நவம்பரில் இரண்டாம் கட்டம் தொடங்கியபோது விலையே 34 ஆகிவிட்டது.

சுரேஷ், மதுரை: கடையில் 26 கிலோ மூட்டை வருகிறதே, ஏன்?

2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை முன்கூட்டியே கட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி. 25க்கு மேல் போனால் வரி இல்லை. அதனால் 25 கிலோ சிப்பம் 26 ஆனது. 1,500 ரூபாய் சிப்பத்தில் 75 ரூபாய் மிச்சம். சட்டப்படி சரியானதுதான்.

ஆனால் எச்சரிக்கை: மூட்டை விலையைப் பார்த்து வாங்காதீர்கள். 25, 26, 30 என்று கடைக்குக் கடை வேறு எடை. கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். மாதா மாதம் வாங்கும் ஐந்து, பத்து கிலோ பைக்கு வரி உண்டு என்பதையும் யோசியுங்கள். ஒரே தடவையில் 26 கிலோவுக்குக் காசு புரட்ட முடியாத குடும்பம்தான் அந்த வரியைக் கட்டுகிறது. அரசு விலையைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இது.

ரேவதி, சேலம்: ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலக்கிறார்களாமே?

இல்லை. அது செறிவூட்டப்பட்ட அரிசிமணி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவில் வார்த்தது. நூறுக்கு ஒன்று என்ற கணக்கில் கலக்கிறார்கள். தண்ணீரில் மிதக்கலாம், நிறம் வேறாகத் தெரியலாம். பொறுக்கி எறியாதீர்கள்.

டல்லாஸிலிருந்து ஒருவர்: தடை வந்த வாரம் இங்கே கடைகளில் ஆளுக்கு ஒரு மூட்டை என்று கட்டுப்பாடு. அலமாரிகள் காலி. அது தேவையா?

தேவையே இல்லை. புழுங்கலுக்குத் தடை இல்லை, பாஸ்மதிக்கும் இல்லை. சோனா மசூரி போன்ற பச்சரிசிதான் சிக்கியது. அதிலும் அப்போது இறக்குமதியாளர் கிடங்கில் இருந்த சரக்கைத்தான் எல்லோரும் ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போனீர்கள். பதற்றத்தில் குவிப்பவர்தான் விலையை ஏற்றுகிறார். இங்கே உள்ளவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

பிரபு, திருப்பூர்: 26 கிலோ மூட்டை ஏமாற்றா?

மேலே மதுரைக்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

அன்பழகன், மன்னார்குடி: ஐயா, எல்லோரும் வாங்குகிறவர் பக்கமே பேசுகிறீர்கள். அரிசி விலை ஏறினால் அரசு ஓடி வந்து ஏற்றுமதியை நிறுத்துகிறது. நெல் விலை படுத்தால் யார் வருகிறார்கள்? குவிண்டால் 2,500க்கு நெல்லைப் போட்டுவிட்டு நானே கடையில் கிலோ 60க்கு அரிசி வாங்குகிறேன்.

ஐயா, உங்கள் கேள்விக்காகத்தான் இன்று உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 2,500 கணக்கு. மாநில ஊக்கத்தொகையோடு சேர்த்து 2025-26க்குச் சாதாரண ரகத்துக்கு 2,500, சன்ன ரகத்துக்கு 2,545. 67ஆல் வகுத்தால் சாதாரண அரிசிக்கு நெல் விலையே 37 ரூபாய்க்கு மேல். நீங்கள் கொள்முதல் நிலையத்தில் போட்டது ரேஷனுக்குப் போகிறது. கடையில் நீங்கள் வாங்கும் 60 ரூபாய் அரிசி வேறு நெல், வேறு ஊர், வருஷம் பழசு. இரண்டையும் ஒரே அரிசியாக வைத்து வித்தியாசம் முழுவதும் இடைத்தரகர் லாபம் என்று சொல்ல முடியாது. ஆனால் உங்கள் ஆதங்கத்தின் அடிப்படை சரி. ஏற்றுமதித் தடை எப்படி விலையைக் குறைக்கும்? வெளியே போகும் சரக்கு உள்ளே தேங்கி, நெல்லை வாங்க வருகிற கை குறைந்து, களத்துமேட்டில் விலை படுத்து, அப்புறம்தான் கடையில் இறங்கும். அதாவது நகரத்துக்காரருக்கான மானியத்தை விவசாயி பையிலிருந்து எடுக்கிறார்கள். பட்ஜெட்டில் அது எந்தப் பக்கத்திலும் தெரியாது.

கணேசன், கோவை (குறுக்கிட்டு): அப்படியானால் உள்ளூரில் ஏழை வாங்க முடியாமல் தவிக்கும்போது கப்பலில் ஏற்றி அனுப்பலாமா? நான் ஓய்வூதியத்தில் வாழ்கிறவன். எனக்கு யார் பேசுவது?

அன்பழகன்: உங்களுக்கு விலைவாசி ஏறினால் அகவிலைப்படி ஏறும் சார். எனக்கு உரமும் ஆள்கூலியும் மட்டும்தான் ஏறும்.

இருவரும் பொறுங்கள். கணேசன் சார் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வீட்டுச் செலவில் பாதி சாப்பாட்டுக்கே போகிற குடும்பத்துக்கு கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினாலும் அடிதான். ஆனால் அதற்கு மருந்து துறைமுகத்தில் இல்லை, கிடங்கில் இருந்தது. ஜூலை 1 அன்று உணவுக் கழகத்திடம் இருக்க வேண்டிய அரிசி இருப்பு ஏறக்குறைய 135 லட்சம் டன் என்பது விதி. 2023இல் அதைவிட மிக அதிகமாகவே இருந்தது. அதே 2023 ஜூனில், மாநில அரசுகளுக்கு அந்தக் கிடங்கு அரிசியை விற்பதை மத்திய அரசு நிறுத்தியது. கர்நாடகா தன் இலவச அரிசித் திட்டத்துக்குக் காசு கொடுத்து வாங்கத் தயாராக இருந்தும் கிடைக்கவில்லை. கடைசியில் அரிசிக்குப் பதில் கிலோவுக்கு 34 ரூபாய் என்று மக்கள் கணக்கில் பணமாகப் போட்டார்கள். கிடங்கைப் பூட்டிக்கொண்டு, துறைமுகத்தையும் பூட்டி, ஏழு மாதம் கழித்துப் பாரத் அரிசி கொண்டுவந்தார்கள். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்திருக்க வேண்டும். இதில் எனக்குச் சமரசம் இல்லை.

கணேசன்: உலகச் சந்தை பற்றி நமக்கென்ன கவலை?

உலக அரிசி வணிகத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு நம்முடையது சார். நாம் கதவைச் சாத்தினால் செனகலில் குருணை வாங்கிச் சமைக்கிறவர் வீட்டில் விலை ஏறும். 2007 அக்டோபரில் இதே தடையைப் போட்டோம். வியட்நாமும் கட்டுப்படுத்தியது, பிலிப்பைன்ஸ் பதறிப்போய் என்ன விலைக்கும் வாங்க நின்றது. 2008 தொடக்கத்தில் டன் 400 டாலருக்குக் கீழே இருந்த தாய்லாந்து அரிசி சில மாதங்களில் 900ஐத் தாண்டியது. உலகில் அவ்வளவு பெரிய விளைச்சல் குறைவு எதுவும் அப்போது இல்லை. பயம்தான் விலையை ஏற்றியது. அந்தத் தடையை எடுக்க 2011 ஆனது. இந்தத் தடவை 2024 செப்டம்பர் இறுதியில் எடுத்தார்கள். இடையில் வாங்குகிறவர்கள் வேறு நாட்டுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைத் திரும்பக் கூட்டிவருவது எளிதல்ல.

அன்பழகன்: அப்படியானால் எங்கள் நெல்லுக்கு நஷ்டஈடு?

தடை போடும் நாளிலேயே கொள்முதலையும் கூட்ட வேண்டும், ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது என்று மழைக்காலத்தில் திருப்பி அனுப்பாமல் உலர்த்தும் எந்திரத்தை நிலையத்திலேயே வைக்க வேண்டும். இது என் கருத்து. உங்கள் பக்கம்தான் நிற்கிறேன் ஐயா.

ராஜா, கடலூர்: ரேஷன் அரிசி பிளாஸ்டிக்...

இல்லை. மேலே பாருங்கள்.

கவின், கல்லூரி மாணவர்: "ரூபாய்க்கு மூன்று படி" என்று தாத்தா சொல்கிறார். நடந்ததா?

"மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்பதுதான் 1967 தேர்தலில் திமுக சொன்னது தம்பி. ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார்கள். மாநிலம் முழுக்க விரிக்கக் காசு இல்லை, நிறுத்த வேண்டியதாயிற்று. ஆனால் அந்தக் கோரிக்கை சாகவில்லை. 2006இல் கிலோ 2 ரூபாய், 2008 செப்டம்பரில் 1 ரூபாய், 2011 ஜூனில் இலவசம். 2006க்குப் பிறகு இரண்டு கட்சிகளும் இறக்கினார்களே தவிர, எவரும் ஏற்றத் துணியவில்லை. ஏழை, பணக்காரர் என்று வடிகட்டாமல் அரிசி அட்டை உள்ள எல்லோருக்கும் என்று வைத்ததுதான் இதன் பலம். மாதம் 20 கிலோ வீட்டுக்குள் வந்துவிட்டால் அவ்வளவுக்குக் கடையில் கூட்டம் குறைகிறது. சாதாரண ரக அரிசியின் விலையைத் தமிழ்நாட்டில் பிடித்து வைத்திருப்பது இந்த ரேஷன் கடைதான். தாத்தா வேறு என்ன சொல்கிறார் என்று எழுதி வையுங்கள்.

வவுனியாவிலிருந்து ஒருவர்: வணக்கம் அண்ணை. இங்கே இலங்கையில் கட்டுப்பாட்டு விலை போட்டதும், நாங்கள் அதிகம் சாப்பிடும் நாட்டரிசி கடையில் காணாமல் போனது. விலை போட்டதே பிழையா?

உங்கள் ஊர் ஆலைகளை நான் நேரில் அறிந்தவன் இல்லை, ஆனால் இந்த நோய் எங்கும் ஒன்றுதான். 2021 செப்டம்பர் தொடக்கத்தில் உச்ச விலை போட்டு, அந்த மாத இறுதியிலேயே விலக்கிக்கொண்டார்கள். 2024 டிசம்பரில் நாட்டரிசிக்குக் கிலோ 230 இலங்கை ரூபாய் என்று மறுபடி விலை குறித்தார்கள். கூடவே தனியார் இறக்குமதியைத் திறந்தார்கள், ஆனால் கிலோவுக்கு 65 ரூபாய் வரியையும் வைத்துக்கொண்டார்கள். உச்ச விலை நிற்க வேண்டும் என்றால், அந்த விலைக்கு விற்க அரசின் கையில் அரிசி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரிய ஆலைக்காரர் கதவைச் சாத்திவிட்டுப் பொறுத்திருப்பார். அவரால் முடியும், நுகர்வோரால் முடியாது. அறுவடையில் அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை எவ்வளவு வாங்குகிறது என்று கவனியுங்கள். விலை அங்கேதான் முடிவாகிறது.

லதா, ஆவடி: இட்லிக்கு எந்த அரிசி நல்லது?

சமையல் தெரிந்தவர்களிடம் கேளுங்கள் அம்மா.

முருகன், விழுப்புரம்: விலை ஏறும் என்கிறார்கள். பத்து மூட்டை இப்போதே வாங்கி வைக்கட்டுமா?

வேண்டாம். டல்லாஸ்காரருக்குச் சொன்னதுதான். வண்டு வரும், காசு முடங்கும், தெருவில் பத்துப் பேர் செய்தால் விலையும் ஏறும். இரண்டு மாதத் தேவை போதும். கிலோ விலையை வகுத்துப் பாருங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: எங்களுக்கு ரேஷன் அரிசி தேவைப்படுவதில்லை. வீட்டுக்கே வந்து காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். 1955ஆம் வருஷத்து அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின்படி அது குற்றம். வாங்கிப் போகிறவர்கள் ஒன்று மாவுக்கும் தீவனத்துக்கும் தள்ளுவார்கள், இல்லை மறுபடி பாலிஷ் போட்டு வேறு பையில் கட்டுவார்கள். அந்தப் பையை உங்கள் தெருக் கடையிலேயே கிலோ 40, 45க்கு நீங்கள் பார்க்கக்கூடும். அப்படி மறுபடி பாலிஷ் போட்ட அரிசியைக் கையில் அள்ளிப் பாருங்கள். மணி ஒரு சீராக இருக்காது, முனை தேய்ந்திருக்கும், மாவு ஒட்டும். அரிசி வேண்டாம் என்றால் சர்க்கரை அட்டையாக மாற்ற வட்ட வழங்கல் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். எதுவுமே வேண்டாம் என்றால் எப்பொருளும் இல்லா அட்டையும் உண்டு.