உங்கள் மகன் எழுதியது சரிதான்

வணக்கம். ஹோர்க், ஆடி என்ற இரண்டு கார் நிறுவனங்களையும் ஒரே ஆள் தொடங்கியதாக மகன் கட்டுரையில் எழுதியிருப்பது பிழையா என்று கேட்டிருந்தீர்கள். அடித்துவிடாதீர்கள், அவன் எழுதியது உண்மை.

ஆகஸ்ட் ஹோர்க் 1909இல் தன் நிறுவனத்து நிர்வாகிகளோடு மோதி வெளியேறினார். அந்த நிறுவனம் அப்போது இருந்த அதே ஜெர்மன் நகரான ட்ஸ்விக்காவிலேயே புதிய நிறுவனம் தொடங்கினார். ஆனால் சொந்தப் பெயரை அதற்கு வைக்க நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. எவ்வளவு வேதனை! நண்பர் வீட்டில் கூடி யோசித்தபோது, மூலையில் லத்தீன் பாடம் படித்துக்கொண்டிருந்த பையன்தான் வழி சொன்னான். ஜெர்மன் மொழியில் 'ஹோர்க்' என்றால் 'காதுகொடுத்துக் கேள்'. லத்தீனில் அதுவே 'ஆடி'.

1932இல் இவ்விரண்டும் டிகேடபிள்யூ, வாண்டரர் நிறுவனங்களுடன் இணைந்தன. ஆடி காரின் சின்னத்திலுள்ள நான்கு வளையங்கள் அவைதாம். அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.