உறையில் இருக்கும் அம்புக்குறி யாருடையது?

ஏற்காட்டு வாசகர் ஒருவர் கேட்கிறார்: “தாத்தா காப்பித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் பழுப்புத் தோலில் ஒரு கைத்துப்பாக்கி உறை கிடைத்தது; துப்பாக்கி இல்லை. பின்பக்கம் அம்புக்குறி மங்கலாகத் தெரிகிறது. செய்தவர் யார்? பாலிஷ் போட்டால் எழுத்து தெளியுமா?”

முதலில் பாலிஷ் டப்பாவை மூடிவையுங்கள். மெழுகு போய் அடைவதே முத்திரையின் பள்ளத்தில்தான். சேலத்தில் என்னிடம் வந்த பழைய பெல்ட் ஒன்றைப் பளபளப்பாக்கிய பிறகு, அதிலிருந்த ஆண்டை என்னால் படிக்கவே முடியவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

அந்த அம்பு, செய்தவரின் முத்திரை அல்ல. அது பிரிட்டிஷ் அரசின் உடைமை என்பதற்கான குறி. ஆங்கில ‘ஐ’ எழுத்து அதோடு சேர்ந்திருந்தால் இந்திய அரசுக்குரியது. ‘சி’ எழுத்தின் வயிற்றுக்குள் அம்பு நின்றால் கனடா. ‘யு’வுக்குள் நின்றால் தென்னாப்பிரிக்கா. செய்தவர் பெயரை அம்பின் அக்கம்பக்கத்தில் சிறிய எழுத்தில் தேடுங்கள். ஊரும் ஆண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஊர் கான்பூர் என்றிருந்தால் (அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டல் ‘சி’யில் தொடங்கும்) அங்கே அரசின் சேணத் தொழிற்சாலையும் கூப்பர் ஆலன் என்ற தோல்பொருள் நிறுவனமும் இருந்தன.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் தோலை ஒட்டிப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். உறையை மெல்லத் திருப்பத் திருப்ப, பகலில் வெறும் சுருக்கமாகத் தெரிந்த இடத்தில் எழுத்தின் நிழல் எழும். பெல்ட் நுழையும் பட்டையின் உட்புறத்தையும் மூடியின் அடிப்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். வெயிலும் கையும் அதிகம் படாத இடங்கள் அவை. மலை ஈரத்தில் பூஞ்சணம் படிந்திருந்தால் நிழலில் உலரவிட்டு மென்மையான தூரிகையால் தட்டுங்கள். விரலில் செந்தூள் ஒட்டினால் தோல் உள்ளுக்குள் சிதைகிறது என்று பொருள். எண்ணெய் தடவவே வேண்டாம்.

பெயரே இல்லையென்றால் வடிவம் பேசும். ரிவால்வர் உறைக்கு, சுழலும் உருளை இருக்குமிடத்தில் வயிறு புடைத்திருக்கும். பிஸ்டல் உறை தட்டையாக இருக்கும். 1915இல் வந்த வெப்லி ஆறாம் மாதிரி ரிவால்வருக்குக் குழல் 6 அங்குலம், 1932இல் வந்த என்ஃபீல்டு ரிவால்வருக்கு 5 அங்குலம். ஆனால் இந்த அளவு துப்பாக்கியைத்தான் சொல்லும். வெப்லிக்குப் பொருந்துகிறது என்பதற்காக வெப்லி நிறுவனமே தைத்த உறை என்று பழம்பொருள் வியாபாரிகள் சொன்னால் நம்பாதீர்கள். ராணுவ அதிகாரிகள் பலர் சாம் பிரவுன் பெல்ட்டையும் (தோளில் குறுக்காகப் பட்டை வரும் தோல் பெல்ட்) உறையையும் சொந்தக் காசில் வாங்கினார்கள். அத்தகையவற்றில் அம்பைவிடக் கடைப் பெயரையே எதிர்பார்க்கலாம். உங்களுடையதில் அம்பு இருப்பதால் அரசு வழங்கிய உறையாகவே தோன்றுகிறது.

பெட்டியின் அடியில் தோட்டா ஏதேனும் கிடந்தால் காவல் நிலையத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். டார்ச் வெளிச்சத்தில் எடுத்த படங்களை எனக்கு அனுப்புங்கள்; உறையின் பக்கத்தில் ஓர் அளவுகோலும் இருக்கட்டும்.