ரத்தம் எடுக்கும் அந்த ஒரு நிமிடம்: வாசகர் கேள்விகள்

அரசு மாவட்ட மருத்துவமனை ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற சகோதரி, ரத்தப் பரிசோதனை பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.

அப்பாவுக்கு 71 வயது. வாந்தி நிற்காததால் தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். பொட்டாசியம் 6.9 என்று சொல்லி ஐ.சி.யு.வுக்கு மாற்றினார்கள். மூன்று மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தால் 4.4! பணத்துக்காகப் பொய் சொன்னார்களா? – வாசகி, திண்டுக்கல்

அந்த மூன்று மணி நேரம் நீங்கள் எப்படித் தவித்திருப்பீர்கள் என்று தெரிகிறது அம்மா. ஆனால் யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியமில்லை. மெஷினும் பழுதாக இருந்திருக்காது. ரத்தம் எடுத்த விதத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

நம் ரத்தத்தில் சிவப்பு அணுக்கள் நீர் போன்ற திரவத்தில் மிதக்கின்றன. பரிசோதனையில் அளப்பது அந்தத் திரவத்தில் இருக்கும் பொட்டாசியத்தைத்தான். அது 3.5 முதல் 5 வரை இருக்கலாம். அணுவுக்கு உள்ளே இருப்பதோ அதைப்போல இருபது மடங்குக்கும் மேல். அணுக்கள் கொஞ்சம் உடைந்தாலே உள்ளே இருப்பது வெளியே கொட்டி, கணக்கு எகிறிவிடும். லேபில் இதை 'சாம்பிள் ஹீமோலைஸ் ஆயிடுச்சு' என்போம். மெஷினில் வேகமாகச் சுற்றி அணுக்களைப் பிரித்த பிறகு, வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய அந்தத் திரவம், அதாவது சீரம், ரோஸ் கலந்தோ சிவப்பாகவோ நிற்கும்.

அணுக்கள் ஏன் உடைகின்றன? வயதானவர், நரம்பு சரியாகக் கிடைக்கவில்லை, மெல்லிய ஊசியைப் போட்டு சிரிஞ்சை வேகமாக இழுக்கிறார்கள். எடுத்த ரத்தத்தை ஊசியைக் கழற்றாமலே ட்யூபுக்குள் அழுத்திப் பீய்ச்சுகிறார்கள். ட்யூபை டானிக் பாட்டில் மாதிரி குலுக்குகிறார்கள். தடவிய ஸ்பிரிட் காயும் முன்பே குத்துகிறார்கள். இதில் எது நடந்தாலும் உடையலாம். ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டி வைத்து, 'கையை மூடித் திறங்க' என்று சொல்லிக்கொண்டே இருந்தால், அணு உடையாமலே பொட்டாசியம் ஏறும்.

இன்னொன்றும் நடக்கும். ஒரு இரவு டியூட்டியில் எனக்குப் பொட்டாசியம் 11-ஐத் தாண்டி வந்தது, கால்சியம் அடிமட்டத்தில். அந்த அளவில் இதயம் துடிக்காது. வார்டுக்கு ஓடிப் போய்ப் பார்த்தால், நோயாளி உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிவப்பு மூடி ட்யூபில் ரத்தம் பற்றவில்லை என்று ஊதா மூடி ட்யூபிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பியிருந்தாள் பயிற்சிக்கு வந்த பெண். ஊதா ட்யூபில் ரத்தம் உறையாமலிருக்க இருக்கும் மருந்தே பொட்டாசியம் உப்புதான். கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. பாவம், அவளுக்கு அதை யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

6.9 என்றதும் உங்கள் மருத்துவர் பதறியது சரியே. அது உண்மையாக இருந்தால் இதயம் நின்றுவிடலாம். உடனே ஈ.சி.ஜி. பார்த்து, மறு சாம்பிள் கேட்பதுதான் முறை. 'முதல் சாம்பிள் ஹீமோலைஸ் ஆகியிருந்ததா?' என்று நீங்கள் கேட்கலாம், அதற்கு உரிமை இருக்கிறது. ஆகியிருந்தால் ரிப்போர்ட்டிலேயே குறித்திருக்க வேண்டும். குறிக்காமல் எண்ணை மட்டும் அனுப்பியிருந்தால், அது லேபின் தவறு.

நான்கு ட்யூப் ரத்தம் எடுத்தார்கள், உடம்பு தளர்ந்துவிட்டது. ஒரே ட்யூபில் எடுக்கக் கூடாதா? – வாசகர், கும்பகோணம்

நான்கும் சேர்ந்து பெரும்பாலும் 15 மில்லிக்குள்தான் இருக்கும் ஐயா. ரத்த தானத்தில் 350 மில்லி எடுக்கிறோம். பெரியவர்களுக்கு இதனால் தளர்ச்சி வராது. வெறும் வயிற்றில் போனது காரணமாக இருக்கலாம்.

ஒவ்வொரு மூடி நிறத்துக்கும் உள்ளே வேறு வேறு மருந்து. ரத்தம் உறையும் நேரம் பார்க்கிற நீல மூடி ட்யூபில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு மருந்து. கோடு வரை நிரம்பாவிட்டால் மருந்து மிஞ்சி, உறையும் நேரம் அதிகமாகக் காட்டும். 'கொஞ்சம் குறைஞ்சா பரவாயில்ல' என்பது அங்கே செல்லாது.

என் கவலையெல்லாம் குழந்தைகள் வார்டைப் பற்றித்தான். ஒரு கிலோ எடையில் பிறந்த குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 100 மில்லிக்குள். அங்கே ஒரு சாம்பிள் வீணானால் அந்தக் குழந்தைக்கு அது நிஜமான இழப்பு.

வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். சர்க்கரை வழக்கத்தைவிட மிகவும் குறைவு. நம்பலாமா? – வாசகர், ராஜபாளையம்

எந்த ட்யூபில் எடுத்தார்கள், எத்தனை மணிக்கு லேபுக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேளுங்கள். ட்யூபுக்குள்ளும் அணுக்கள் உயிரோடுதான் இருக்கும். சாதாரண ட்யூபில் அவை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரையைச் சாப்பிட்டுவிடும். வெயிலில் வண்டிப் பெட்டியில் கிடந்தால் இன்னும் வேகமாக. சர்க்கரைக்கென்று இருக்கும் சாம்பல் மூடி ட்யூபிலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் கொஞ்சம் இறங்கும். சந்தேகமிருந்தால் லேபுக்கே நேரில் போய்க் கொடுத்துவிடுங்கள். அதற்குள் மாத்திரையின் அளவை நீங்களாக மாற்றிவிடாதீர்கள்.

100 படுக்கை மருத்துவமனை லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். சாம்பிளைத் திருப்பி அனுப்பினால் வார்டில் சண்டைக்கு வருகிறார்கள். நிர்வாகமோ தவறுகளைக் குறை என்கிறது. எங்கிருந்து தொடங்குவது? – வாசகர், தஞ்சாவூர்

ஒரு நோட்டு வாங்குங்கள் தம்பி. திருப்பி அனுப்பும் ஒவ்வொரு சாம்பிளுக்கும் தேதி, நேரம், வார்டு, எந்த ட்யூப், என்ன காரணம் என்று எழுதுங்கள். எடுத்தவர் பெயரை மட்டும் எழுத வேண்டாம். எழுதினால் அது குற்றப் பத்திரிகையாகிவிடும், அப்புறம் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். மாதக் கடைசியில் வந்த சாம்பிள் எத்தனை, திரும்பியது எத்தனை என்று பாருங்கள்.

இத்தாலியின் பாதுவா நகரில் பிளெபானி, கர்ராரோ என்ற இரு ஆய்வாளர்கள் தங்கள் மருத்துவமனையின் அவசர ஆய்வகத்தில் நேர்ந்த தவறுகளை எண்ணி 1997-இல் வெளியிட்டார்கள். 68 சதவீதம், மெஷினில் ஏற்றுவதற்கு முன்பே நடந்தவை. பத்தாண்டு கழித்து மறுபடி எண்ணியபோதும் 62 சதவீதம். இன்று ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்து அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் குழுவும் இந்தக் கணக்கைத்தான் கேட்கும். ஆனால் அவர்களுக்காக எழுதாதீர்கள்.

என் நோட்டில் ஒரே வார்டு திரும்பத் திரும்ப வந்தது, அதுவும் விடியற்காலையில். திட்டி ஓலை அனுப்பாமல், ஒரு நாள் ஐந்து மணிக்கு நானே போய் நின்றேன். நாற்பது படுக்கைக்கு ஒரே சிஸ்டர். ஏழு மணி ரவுண்ட்ஸுக்குள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தாக வேண்டும். ட்ரிப்ஸ் ஏறுகிற கையிலேயே எடுத்தார், சர்க்கரை எகிறாமல் என்ன செய்யும்? ட்யூபுகளை மொத்தமாகத் தட்டில் போட்டுக்கொண்டு, மேசைக்கு வந்த பிறகுதான் பெயர் எழுதினார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. மறுநாளிலிருந்து லேபிலிருந்து ஒருவர் அந்த நேரத்துக்கு உதவிக்குப் போனார். அவசரமில்லாத சாம்பிள்களை எட்டு மணிக்குத் தள்ளிவைக்க மருத்துவர் ஒத்துக்கொண்டார். நோட்டில் அந்த வார்டின் பெயர் குறையத் தொடங்கியது.

பெயர் எழுதுவதில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் இரண்டு முருகன்கள். ஒருவருக்கு ரத்தம் ஏற்றுவதற்காக வந்த சாம்பிளில் பி பாசிடிவ், எங்கள் பழைய பதிவேட்டில் அவருக்கு ஓ பாசிடிவ். அந்தப் பதிவேடு இல்லாதிருந்தால் அவருக்குப் பொருந்தாத ரத்தம் ஏறியிருக்கும். அரைத் தூக்கத்தில் இருப்பவரிடம் 'முருகன்தானே?' என்றால் தலையாட்டத்தான் செய்வார். 'உங்க பேர் என்ன?' என்று கேட்க வேண்டும். ஐ.பி. நம்பரையும் (உள்நோயாளி எண்) ஒப்பிட்டு, படுக்கையை விட்டு நகரும் முன்பே ட்யூபில் எழுத வேண்டும். எழுதாத ட்யூப் வந்தால், 'இது அவருடையதுதான்' என்று யார் சத்தியம் செய்தாலும் வாங்காதீர்கள்.

சண்டைக்கு வருபவரிடம் ட்யூபைக் கையில் கொடுத்து அந்தச் சிவப்புச் சீரத்தைக் காட்டுங்கள். பார்த்தால் புரிந்துகொள்வார்கள். மூன்று மாதம் நோட்டு போட்டுவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள் தம்பி. உங்களுக்கு எந்த வார்டு, எத்தனை மணி என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆவலாக இருக்கிறது.